வெனிஸில் எந்த ஹோட்டல்? முதலில் தண்ணீர், அப்புறம் ஜன்னல்

கேள்வி சுருக்கமாக இது: "கல்யாணமாகி 25 வருஷம் ஆகிறது. அக்டோபர் கடைசியில் வெனிஸில் மூன்று இரவு தங்கப் போகிறோம். மனதில் நிற்கிற மாதிரி ஒரு ஹோட்டல் வேண்டும். கையில் பதினெட்டுப் பெயர் இருக்கிறது. எல்லாமே அரண்மனை, எல்லாமே கால்வாய்க் காட்சி, எல்லாவற்றுக்கும் நல்ல மார்க். மெஸ்த்ரேயில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறான் மகன். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. எதை எடுக்கலாம்?"

அந்தப் பதினெட்டுப் பெயரையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். மற்ற ஊர்களில் ஹோட்டலைப் பிடித்துவிட்டால் போதும், ரூம் எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வெனிஸில் ஒரே ஹோட்டலில், ஒரே மாடியில், எதிரெதிர் ரூம்களில் தங்கிய இரண்டு பேர் ஊருக்குத் திரும்பி இரண்டு வேறு கதை சொல்வார்கள். அதனால் நான் தேடும் வரிசை தலைகீழ். எந்தத் தண்ணீரைப் பார்த்துக் கண்விழிக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வேன். அடுத்து அந்தத் தண்ணீரைப் பார்க்கும் ஜன்னல். அதற்கடுத்து, பெட்டியோடு அந்த ஜன்னல் வரை போய்ச் சேரும் வழி. ஹோட்டலின் பெயரும் நட்சத்திரமும் அதற்குப் பிறகுதான்.

மெஸ்த்ரேயை முதலில் முடித்துவிடலாம். மகன் போட்ட கணக்கு சரிதான். மெஸ்த்ரே என்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், நிலத்தில் இருக்கும் சாதாரண ஊர். ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாந்தா லூசியா ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். ரூமும் பெரிதாக இருக்கும், லிஃப்ட்டும் இருக்கும். ஆனால் பழைய வெனிஸ் தீவுகளில் இப்போது குடியிருப்பவர்கள் 50,000 பேர்கூட இல்லை. பகலில் அந்தச் சந்துகளை நிரப்புவது வந்துபோகும் கூட்டம். சாயங்காலம் அது ரயிலேறிப் போன பிறகும், காலையில் அது வந்து இறங்குவதற்கு முன்பும்தான் ஊர் தன் முகத்தைக் காட்டும். மெஸ்த்ரேயில் தங்கினால் சரியாக அந்த நேரத்தில் நீங்கள் கிளம்பிப் போய்க்கொண்டிருப்பீர்கள். பணம் இடிக்கிறது என்றால் மூன்று இரவை இரண்டாகக் குறைத்துத் தீவுக்குள் தங்குங்கள். வெள்ளி விழாவுக்கு வந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ரயிலைப் பிடிக்க ஓட வேண்டாம்.

போகிற போக்கில் வரி விஷயம். தங்குகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு இரவுக்கு 1 முதல் 5 யூரோ வரை தங்கல் வரி வாங்குவார்கள். அதிகபட்சம் முதல் ஐந்து இரவுக்கு. பெரும்பாலும் புக்கிங் தொகையில் இது சேராது, ஹோட்டலில் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். 2024-ல் ஆரம்பித்த நுழைவுக் கட்டணம் வேறு. அது வசந்தம், கோடையில் குறிப்பிட்ட நாட்களில் பகலுக்கு மட்டும் வந்துபோகிறவர்களுக்கானது. அக்டோபரில் தங்கப் போகும் நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். வெனிஸ்காரர்கள் 'கனாலே' என்று சொல்வது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய நீர்வழிகளைத்தான். கிராண்ட் கனால், ஜுடெக்கா கனால், கன்னரேஜோ கனால் என்று கொஞ்சம்தான் தேறும். மற்ற சின்ன நீர்ச்சந்துகள் எல்லாம் 'ரியோ'. புக்கிங் தளங்களில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. 'கால்வாய்க் காட்சி' என்று போட்டிருந்தால் அது கிராண்ட் கனாலாகவும் இருக்கலாம், இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆறடி அகலத்தில் ஓடும் ரியோவாகவும் இருக்கலாம். கிராண்ட் கனால் தெரிகிற ரூமை வைத்திருப்பவர் அந்தப் பெயரை எழுதாமல் விடவே மாட்டார். பெயர் இல்லையென்றால் அது ரியோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ரியோ என்றதும் ஏமாற்றம் வேண்டாம். எனக்கு மறக்காமல் இருக்கிற விடியல் ஒரு ரியோவின் மேல்தான். கன்னரேஜோ வட்டாரத்தில், முதல் மாடி ரூம். ஆறரை மணி இருக்கும். முதலில் சத்தம் வந்தது: சங்கிலி உரசல், டீசல் இன்ஜினின் தாழ்ந்த உறுமல், யாரோ வளைவில் "ஓயே" என்று ஒரு குரல். முனை திரும்பும்போது எதிரே வருகிற படகுக்கு அப்படித்தான் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். ஜன்னல் பலகையைத் தள்ளினால், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தட்டைப் படகு. அதில் தண்ணீர் பாட்டில் பெட்டிகள், சலவைக்குப் போகிற படுக்கை விரிப்பு மூட்டைகள், மேலே கயிறு கட்டிய ஒரு வாஷிங் மெஷின். ஓட்டியவர் ஒரு கையில் சுக்கானும் இன்னொரு கையில் காபி கோப்பையுமாக நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். படகு போன பிறகு, கலங்கிய தண்ணீரில் பட்ட வெயில் ரூமுக்குள் எகிறி, உத்தரத்து மரங்களின் மேல் வலைவலையாக ஆடிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் படுத்தபடி உத்தரத்தைப் பார்த்திருப்பேன். இது ஐந்து நட்சத்திர விஷயமில்லை. ஜன்னல் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், காலை வெயில் அந்தத் தண்ணீரில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஊரின் பெரிய சதுக்கமான சான் மார்க்கோவைச் சுற்றியிருக்கும் ரியோக்களில் கொண்டோலாக்கள் காலை பத்திலிருந்து வரிசை கட்டி வரும். அக்கார்டியனோடு நேப்பிள்ஸ் பாட்டு ஜன்னலுக்கு அடியில் ஒரு நாளில் நாற்பது முறை ஓடும். முதல் பாட்டு இனிக்கும்.

கிராண்ட் கனால் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், நாலே பாலம். இரண்டு கரையிலும் மாளிகைகள். அங்கே ஒரு ஜன்னல் கிடைத்தால் அது நாடக மேடையின் முன்வரிசை. வாப்பொரெட்டோ, டாக்ஸி படகு, ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு, குப்பைப் படகு என எல்லாம் கண்முன்னே போகும். கூடவே அதன் சத்தமும். வாப்பொரெட்டோ என்கிற நீர்ப் பேருந்து துறையில் வந்து மோதி, ரிவர்ஸ் எடுத்து, கயிறு இழுபட்டுக் கிளம்பும் ஓசை நள்ளிரவு வரை போகும். அதற்குப் பிறகும் இரவுச் சேவை உண்டு. துறைக்கு நேர் மேலே இருக்கும் ரூம் தூக்கம் பிடிக்காதவர்களுக்கானது. கனால் ஒரு தலைகீழ் எஸ் மாதிரி வளைந்து போவதால் எந்தக் கரைக்கு எப்போது வெயில் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். மேப்பைத் திறந்து, ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று இரண்டு நிமிடம் செலவழித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு ஸாட்டரேதான். டோர்சொடூரோ வட்டாரத்தின் தெற்கு விளிம்பில், ஜுடெக்கா கனாலை ஒட்டிப் போகும் நீளமான கரை அது. தெற்கு பார்த்தது என்பதால் குளிர்காலத்திலும் நாள் முழுக்க வெயில். எதிர்க்கரையில் பல்லாடியோ வடிவமைத்த ரெதென்த்தோரே கோயில் வெள்ளையாக நிற்கும். சாயங்காலம் உள்ளூர்க்காரர்கள் குழந்தைகளோடு நடக்க வருகிற இடம். நீர் இங்கே அகலம், அதனால் வானமும் அகலம். முன்பு பத்து மாடிக் கட்டடம் அளவுக்குக் கப்பல்கள் இந்த ஜன்னல்களை மறைத்துக்கொண்டு போகும். 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இந்த வழியில் தடை. அதனால் ஸாட்டரேயின் மதிப்பு எனக்குத் தெரிந்து இரண்டு மடங்காகிவிட்டது. ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1877-ல் தங்கிய லா கால்சினா விடுதி இந்தக் கரையில்தான் இருக்கிறது. பெரிய ஆடம்பரம் கிடையாது. வெனிஸின் கல்லையெல்லாம் அளந்து எழுதிய மனிதர் பிற்காலத்தில் எந்தக் கரையில் தங்கினார் என்பது நமக்கு ஒரு நல்ல துப்பு.

வடக்குக் கரையான ஃபொந்தமெந்தே நோவே இதற்கு நேர் எதிர். நிழலும் அமைதியும். எதிரே சுவர் சூழ்ந்த சான் மிக்கேலே கல்லறைத் தீவு, அதற்குப் பின்னால் முரானோ. குளிர்காலத்தில் மழை பெய்து தெளிந்த நாளில் அடிவானத்தில் பனி மூடிய ஆல்ப்ஸ் தெரியும். சிலருக்கு இதுதான் வெனிஸிலேயே சிறந்த காட்சி. ஆனால் வெள்ளி விழாவுக்குக் காலையில் எழுந்ததும் கல்லறை முகத்தில் விழிக்க வேண்டுமா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

ரீவா எனப்படும் சான் மார்க்கோ கரைக்கு விளக்கம் தேவையில்லை. நீங்கள் பார்த்திருக்கும் வெனிஸ் படங்களில் பாதி அங்கேயிருந்து எடுத்தவை. சான் ஜோர்ஜோ தீவு நேர் எதிரே தெரியும். காலையில் அற்புதம், பகல் முழுக்க ஜன்னலுக்குக் கீழே திருவிழாக் கூட்டம்.

இனி ஜன்னல். இதற்கு வெனிஸ் மாளிகையின் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 'பலாத்ஸோ' என்பதை அரண்மனை என்று மொழிபெயர்த்துப் பெரிதாகக் கற்பனை செய்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை வியாபாரிகளின் வீடு, கடை, கிடங்கு மூன்றும் ஒன்றாக இருந்த கட்டடங்கள். தண்ணீரைப் பார்த்த வாசல்தான் தலைவாசல். படகிலிருந்து மிளகும் துணியும் நேராகக் கீழ்த்தளத்துக்குள் இறங்கும். முதல் மாடி 'பியானோ நோபிலே', குடும்பம் வாழ்ந்த தளம். உயரமான கூரை, வளைவு ஜன்னல்கள், பளிங்குச் சில்லுகள் பதித்த தரை எல்லாம் அங்கே. அதன் நடுவில் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை 'போர்தெகோ' என்ற நீளக் கூடம் ஓடும். அதன் இரண்டு பக்கமும் ரூம்கள். கனால் ஓரத்து இடம் விலை அதிகம் என்பதால் முகப்பு குறுகல், ஆழம் அதிகம்.

இப்போது அதை ஹோட்டலாக்கினால் என்ன ஆகும்? போர்தெகோ பெரும்பாலும் காலை உணவுக் கூடமோ வரவேற்பறையோ ஆகிவிடும். அதாவது அந்தக் கட்டடத்தின் மிகச் சிறந்த ஜன்னல்கள் எல்லோருக்கும் பொது. முகப்பின் இரண்டு மூலையில் தளத்துக்கு இரண்டு மூன்று ரூம் மட்டும் கனாலைப் பார்க்கும். பக்கவாட்டு ரூம்கள் குறுக்குச் சந்து ஒன்றையோ ரியோவையோ பார்க்கும். மீதி பின்பக்கம், முற்றத்தையோ காற்றுக் கிணற்றையோ பார்க்கும். முப்பது ரூம் உள்ள 'கிராண்ட் கனால் ஹோட்டலில்' கனால் தெரிகிற ரூம் ஏழெட்டு இருந்தால் அதிகம். மற்றவர்கள் அந்த முகப்பின் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

நானும் கொடுத்திருக்கிறேன். முதல்முறை போனபோது 'ரியால்ட்டோவிலிருந்து ஐந்து நிமிடம், கால்வாய்க் காட்சி' என்ற வரியை நம்பி ஒரு இடம். பெயர் வேண்டாம். ராத்திரி பத்தரைக்கு ரியால்ட்டோ துறையில் இறங்கினேன். கையில் 23 கிலோ பெட்டி. முகவரி என்று இருந்தது ஒரு வட்டாரப் பெயரும் நாலு இலக்க எண்ணும். வெனிஸில் வீட்டு எண் தெருவுக்கு அல்ல, வட்டாரத்துக்கு. ஆறு வட்டாரம், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் எண்கள், அவை சந்து சந்தாக வளைந்து ஓடும். உயரமான சுவர்களுக்கு நடுவே போனில் நீலப்புள்ளி என்னை ஒரு கால்வாயின் நடுவில் காட்டியது. நாலு பாலம் ஏறி இறங்கி, தலை குனிந்து போக வேண்டிய ஒரு கட்டடத்தடிச் சந்துக்குள் கதவைக் கண்டுபிடித்தபோது பதினொன்றே கால். லிஃப்ட் இல்லை, 52 படி. ஜன்னலைத் திறந்தேன். எதிரே ஒரு முழம் தள்ளிச் சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், அதன் மேல் ஒரு புறா. காலையில் கேட்டபோது ரிசெப்ஷனில் இருந்தவர் கூடவே மாடிக்கு வந்து, என்னை ஜன்னலில் இடுப்பு வரை சாயச் சொல்லி, இடது கோடியில் கைக்குட்டை அகலத்துக்குத் தெரிந்த தண்ணீரைக் காட்டினார். காட்சி இருந்தது. பொய் சொல்லவில்லை.

அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஹோட்டலுக்கும் நேராக மெயில் எழுதுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான். எந்த மாடி, எந்த ரூம் எண். ஜன்னல் எந்தக் கனாலை அல்லது ரியோவைப் பார்க்கிறது, அதன் பெயர் என்ன. கட்டிலில் உட்கார்ந்தால் தண்ணீர் தெரியுமா, எட்டிப் பார்க்க வேண்டுமா. லிஃப்ட் உண்டா, அது அந்த மாடி வரை வருமா, லிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் எத்தனை படி. எந்த வாப்பொரெட்டோ துறையில் இறங்க வேண்டும், அங்கிருந்து எத்தனை பாலம். கடைசிக் கேள்வி உங்களுக்கு மிக முக்கியம். தூரத்தை நிமிடத்தில் சொன்னால் ஏற்காதீர்கள், பாலத்தில் சொல்லச் சொல்லுங்கள். நல்ல ஹோட்டல்கள் இதற்குச் சலிக்காமல் பதில் எழுதும், சில ரூமின் படத்தையும் அனுப்பும். 'எங்கள் எல்லா ரூமுமே தனித்துவமானவை' என்று பதில் வந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.

மாடி விஷயத்தில் ஒரு நுணுக்கம். பியானோ நோபிலே ரூம் கம்பீரமானது, கூரை உயரம், ஜன்னல் பெரிது. ஆனால் எதிரே கட்டடம் நெருங்கி இருந்தால் இருட்டு. மேல்மாடி ரூம்கள் முன்பு வேலையாட்கள் இருந்தவை, கூரை சரிந்து தலையில் இடிக்கும். ஆனால் ஓட்டுக்கூரைகளும் கோபுரங்களும் வெளிச்சமும் அங்கேதான் கிடைக்கும். சில வீடுகளில் கூரைக்கு மேலே மரத்தால் கட்டிய 'அல்தானா' என்ற மேடை உண்டு. அதில் விருந்தினர் ஏறலாம் என்றால் அந்த ஹோட்டலுக்கு என் கணக்கில் ஒரு நட்சத்திரம் கூடுதல். பழைமைச் சின்னமாகப் பாதுகாக்கப்படும் கட்டடங்களில் லிஃப்ட் வைக்க எளிதில் அனுமதி கிடைக்காது. நாலு நட்சத்திரம் என்பதால் லிஃப்ட் நிச்சயம் என்று நினைக்க வேண்டாம்.

வழியைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி படகு சில ஹோட்டல்களின் தண்ணீர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கும். செலவு நூறு யூரோவை நன்றாகவே தாண்டும். ஆனாலும் இந்தப் பயணத்தில் ஒரே ஒரு ஆடம்பரம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன். முழங்காலுக்கும் நல்லது, வெனிஸுக்குள் நுழைய வேண்டிய முறையும் அதுதான். ஹோட்டலுக்குத் தண்ணீர் வாசல் இருக்கிறதா, அது இப்போதும் புழக்கத்தில் உள்ளதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பஸ்ஸில் பியாத்ஸாலே ரோமா வந்து வாப்பொரெட்டோ ஏறலாம். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. மூன்று நாள் இருப்பதால் நாள் கணக்கு பாஸ்தான் லாபம். ஸாட்டரேக்குப் போகும் படகுகள் ஜுடெக்கா கனால் வழியாகவே போகும், ஊரின் உள்ளே பெட்டியை இழுக்கும் வேலை குறைவு.

இன்னொரு சங்கதி, உங்கள் தேதியோடு ஒட்டியது. வெனிஸ் மாரத்தான் வழக்கமாக அக்டோபரின் நாலாவது ஞாயிறு. ஓட்டக்காரர்களுக்காக ஸாட்டரேயிலிருந்து ரீவா வரைக்கும் வழியிலுள்ள பாலங்களின் மேல் மரச் சாய்தளம் போடுவார்கள். அது இருக்கும் நாட்களில் முழங்கால் வலிக்காரர்களுக்கும் சக்கரப் பெட்டிக்காரர்களுக்கும் கொண்டாட்டம். அந்த வார இறுதியில் ரூம் விலை ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளப் பெருக்கு, அதாவது ஆக்குவா ஆல்தா, பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ காற்று அட்ரியாட்டிக் கடலை வடக்கே தள்ளும். அது ஓதத்தோடு சேர்ந்தால் ஊருக்குள் தண்ணீர் ஏறும். கடல்மட்ட அளவுகோலில் (தெருவில் நிற்கும் ஆழம் அல்ல) 1966 நவம்பர் 4-ல் 194 செ.மீ., 2019 நவம்பர் 12-ல் 187 செ.மீ. 2020 அக்டோபரிலிருந்து, வெனிஸைச் சூழ்ந்த காயலான லகூனின் மூன்று வாயில்களிலும் 'மோசே' தடுப்புக் கதவுகள், மொத்தம் 78, வேலை செய்கின்றன. 110 செ.மீ. வரும் என்று கணித்தால் எழுப்புகிறார்கள். ஆக, பயப்படும் அளவுக்கு இப்போது ஒன்றுமில்லை. ஆனால் சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்ந்த இடங்களில் ஒன்று, 80 சொச்சம் செ.மீ. ஆனாலே அங்கே தண்ணீர் தேங்க ஆரம்பித்துவிடும். இடைப்பட்ட அளவுக்குக் கதவு எழாது. சதுக்கத்தை ஒட்டிய ஹோட்டலில் இருந்தால் ஓரிரு மணி நேரம் பலகை நடைபாதையில்தான் போய்வர வேண்டும். ரிசெப்ஷனிலேயே ரப்பர் பூட்ஸ் வைத்திருப்பார்கள். மனைவியோடு அந்தத் தண்ணீரில் நிற்கும் போட்டோ எல்லாவற்றையும் விட நன்றாக வரலாம், சொல்ல முடியாது.

குளிர் பற்றி ஒரு வரி. இத்தாலியில் ஹீட்டர் எப்போது போடலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. வெனிஸ் இருக்கும் மண்டலத்தில் பொதுவாக அக்டோபர் 15 முதல். நீங்கள் கடைசி வாரத்தில் போவதால் தப்பித்தீர்கள்.

பெரிய பெயர்கள் வேண்டாமா என்று கேட்பீர்கள். தந்தோலோ குடும்பத்து மாளிகையில் 1822-ல் தொடங்கிய டனியேலி, தோஜே, அதாவது பழைய வெனிஸ் குடியரசின் தலைவர், அந்த்ரேயா க்ரீத்தியின் பெயரைச் சுமக்கும் க்ரீத்தி, ஜுசெப்பே சிப்ரியானி 1958-ல் ஜுடெக்காவின் முனையில் தொடங்கிய சிப்ரியானி. மூன்றும் வெனிஸின் சரித்திரத்திலேயே இடம்பிடித்தவை. ரீவாவில் உள்ள லோந்த்ரா பேலஸில் சைக்கோவ்ஸ்கி 1877 டிசம்பரில் தங்கித் தன் நாலாவது சிம்பொனியை எழுதிக்கொண்டிருந்தார். அப்போது அதன் பெயர் பொ ரிவாஜ். காசு இருந்தால் தாராளமாகத் தங்கலாம். ஆனால் இங்கே ஜன்னல் விதி இன்னும் கடுமை. க்ரீத்தியின் பின்பக்க ரூமுக்குக் கொடுக்கும் பணத்தில் வேறு இடத்தில் தண்ணீரோரப் பால்கனியே கிடைத்துவிடும். நான் செய்வது வேறு. ரூமை வேறு இடத்தில் எடுத்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு இவற்றில் ஒன்றின் மொட்டைமாடியிலோ கரையோர மேடையிலோ ஒரு பானம் சாப்பிடுவேன். விலை கன்னத்தில் அறையும், இருந்தாலும் ரூம் வாடகையோடு ஒப்பிட்டால் சில்லறை.

சிக்கனத்துக்கு ஒரு வழி மடங்கள். பழைய மடாலயங்களும் கன்னியர் இல்லங்களும் வெனிஸில் பல விருந்தினர் விடுதிகளாக நடக்கின்றன. சுத்தம், அமைதி, சில இடங்களில் தோட்டம். தோட்டம் என்பது அங்கே தண்ணீரை விட அரிது. சில இடங்களில் இரவு கதவடைப்பு நேரமும் தனித்தனிக் கட்டிலும் இருக்கும், கல்யாண நாளுக்குச் சரிவருமா பாருங்கள். தனியார் அபார்ட்மென்ட் எடுப்பதாக இருந்தால் விளம்பரத்தில் 'சின்' (CIN) என்கிற தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து கட்டாயம். இல்லாத இடத்தைத் தொடாதீர்கள்.

லீடோ என்ற தீவு கடற்கரைக்கு நல்லது, அக்டோபருக்கு அல்ல. தொர்ச்செல்லோவில் 1930-களிலிருந்து இருக்கும் லொகாந்தா சிப்ரியானியில் ரூம் கொஞ்சம்தான். ராத்திரி அந்தத் தீவில் தவளைச் சத்தம் தவிர ஒன்றும் இருக்காது. இரண்டாவது முறை போகும்போது பாருங்கள்.

ஆக, உங்களுக்கு என் தேர்வு: ஸாட்டரேயில், படகுத் துறைக்கும் வாசலுக்கும் நடுவே பாலமே இல்லாத, லிஃப்ட் உள்ள ஒரு மூன்று நட்சத்திர இடம். ரூம் மட்டும் கண்டிப்பாக முன்பக்கம், முதல் அல்லது இரண்டாம் மாடி, ஜுடெக்கா கனாலைப் பார்த்தது. முன்பக்க ரூம் கிடைக்கவில்லை என்றால் அதே ஹோட்டலின் பின்பக்க ரூமுக்கு ஒத்துக்கொள்ளாமல் கன்னரேஜோவில் ரியோ ஜன்னலுக்குப் போங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்புவார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், சூரியன் உதிப்பது ஆறே முக்காலுக்கு. அதனால் முதல் நாள் மதியத்துக்குள் ஊருக்குள் வந்துவிடுகிற மாதிரி விமானமோ ரயிலோ போடுங்கள். காலை உணவு எட்டு மணிக்கு மேல் என்று சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு அக்காதேமியா பாலம் வரை நடந்துவிட்டு வாருங்கள். அதில் ஐம்பது படிக்கு மேல் இருக்கும், மனைவி மேலே ஏற வேண்டாம். கீழே துறையிலேயே நிற்கலாம், தண்ணீர் அங்கிருந்தும் நன்றாகத் தெரியும்.